மதகுக்கு வந்த பலகை

தில்லியில் புதிதாக விவசாய மந்திரி ஆனவர் காஞ்சிபுரம் காமாட்சியம்மனைக் கும்பிட வருகிறார், வழியில் தாமல் கிராமத்தில் இறங்கி நாற்று நடப்போகிறார் என்று செய்தி வந்தது. அரிசிப் பஞ்சம் நாட்டை ஆட்டிவைத்த வருஷம். மந்திரி சேற்றில் நிற்கும் படம் பேப்பரில் வந்தால் ஜனங்களுக்குப் பாதி வயிறு நிறைந்துவிடும் என்பது பெரிய இடத்துக் கணக்கு.

ஒரே ஒரு சங்கடம். ஊரில் எல்லா வயலும் எப்போதோ நட்டு, பூத்து நின்றது. நெல்லுக்கு மந்திரி வருகிற மரியாதை தெரியவில்லை.

அங்கம்மாளின் வயல் ரோட்டோரம் இருந்தது. அதுதான் அவள் செய்த குற்றம். பஞ்சாயத்து யூனியன் அதிகாரி ராஜகோபால் ஜீப்பை நிறுத்தி இறங்கினார்.

“ரோட்டோரத் துண்டை மட்டும் மடக்கி உழுதுடும்மா. மந்திரி நடணும்.”

“பூத்து நிக்கிற பயிரை உழச் சொல்றீங்களே, சோறுதானே சார் துன்றீங்க?”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பிரமோஷன் வருகிற நேரம். “உனக்கு இன்னா வேணும், சொல்லு” என்றார்.

அங்கம்மாளுக்கு வேண்டியது ஒரு பலகை. ஏரி மதகை அடைக்கும் பலகை உளுத்து உடைந்து, தண்ணீர் ராப்பகலாக ஓடையில் வீணாகிக்கொண்டிருந்தது. இப்படியே போனால் பயிர் பால் பிடிக்குமுன் ஏரி காய்ந்துவிடும். மனுவில் கைநாட்டு வைத்து வைத்துக் கட்டைவிரல் தேய்ந்ததுதான் மிச்சம். மதகைக் கயிற்றால் அளந்து, அந்தக் கயிற்றை அவரிடம் கொடுத்தாள்; பலகைக்குத் தாம் பொறுப்பு என்று அவரும் வாங்கிக்கொண்டார். பிறகு வயிற்றெரிச்சலோடு ஏர் பூட்டினாள். பூத்த பயிர் சேற்றில் அமிழ்ந்தபோது அழுதுவிட்டாள்.

சொன்னபடியே, கயிற்றளவுக்கு அறுத்த தேக்குப் பலகை லாரியில் வந்து இறங்கியது. கூடவே பெயின்ட் டப்பாவும் இறங்கியது. ஓர் ஆள் பலகையில் மந்திரியின் பெயரையும் பட்டங்களையும் எழுதி, இரண்டு கால் அடித்து, வயலில் நட்டான்.

“இன்னா சார் இது?”

“பேரு எழுத வேற பலகை கிடைக்கலைம்மா. மதகை அடுத்த பட்ஜெட்ல பாக்கலாம்.”

மந்திரி வந்தார். பட்டுக்கடைக்காரர்கள் போர்த்திய பொன்னாடை சேற்றில் படாமல் இருவர் தூக்கிப் பிடிக்க, ஒரு நாற்றுக்கட்டை முடிச்சுகூட அவிழ்க்காமல் ஒரே இடத்தில் செருகினார். காமிராக்கள் மின்னின. சுற்றிலும் பூத்த வயல்களைப் பார்த்துவிட்டு, இந்தத் துண்டு மட்டும் ஏன் இத்தனை நாள் நடாமல் கிடந்தது என்று இங்கிலீஷில் கேட்டார். ராஜகோபாலுக்கு வேர்த்துவிட்டது. சோம்பேறி ஜனங்கள் என்று சொல்லிவைத்தார்.

மந்திரி மைக்கைப் பிடித்தார். தமக்கு முன் நிற்கும் பெரிய சவால் விவசாயியின் சோம்பல்தான், நாட்டில் யாரும் சும்மா நிற்கக்கூடாது என்றார். ராஜகோபால் அதைக் கணீரென்று தமிழில் சொன்னார். அங்கம்மாளும் கேட்டாள்.

கார்கள் பெரிய காஞ்சிபுரம் பக்கம் புழுதி கிளப்பிப் போனதும் அவள் வயலில் இறங்கினாள். மந்திரி நட்ட நாற்றுக்கட்டைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டாள். பலகையைச் சாய்த்து, கால்களைக் கடப்பாரையால் நெம்பிக் கழற்றி, தலையில் சுமந்துகொண்டு ஏரிக்குப் போனாள்.

“மந்திரி பேரு எழுதியிருக்குதேம்மா, கேஸ் ஆயிடப் போவுது” என்று பதறினார், மதகைப் பார்த்துக்கொள்ளும் வேலாயுதம்.

“யாரும் சும்மா நிக்கக்கூடாதுன்னு அவருதானே சொன்னாரு. அவரு பேரும் வேலை செய்யட்டும்பா.”

பலகை அளவாக உட்கார்ந்தது. பெயரும் பட்டங்களும் தண்ணீருக்குள் போயின. ஓடையில் ஓட்டம் நின்றது. பதவிக்கு வந்த நாளாக மந்திரி விவசாயத்துக்குச் செய்தது அது ஒன்றுதான்.