ஏழாவது டம்ளர்

"இதுல எது உன்னோடது?"

வீட்டம்மா குரலைத் தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டு கேட்டாள். சமையல் மேடைமேல் ஏழு எவர்சில்வர் டம்ளர்கள் வரிசையாக நின்றன. பார்த்த கண்ணுக்கு ஏழும் ஒரே உயரம், ஒரே வாய், ஒரே வடிவம். அடுப்பில் தேநீர் பொங்கிப் பொங்கி அடங்கிக்கொண்டிருந்தது. கூடத்து சோபாவில் மூத்த ஓரகத்தி, அதாவது வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, காலை நீட்டிப் போட்டுக்கொண்டு அதற்காகக் காத்திருந்தாள்.

"சொல்லு. உன் டம்ளர் எது?"

பாலக்கா ஏழையும் ஒரு பார்வை பார்த்தாள். எட்டு வருஷ வேலையும் அந்தப் பதிலில் வந்து நின்றது. சரியாகச் சொன்னால் அது பழையபடி ஜன்னலோரம். சொல்லாவிட்டால் வீட்டம்மாவின் கோபம், ஒருவேளை வேலையே போகலாம். பயம் வர வேண்டிய இடத்தில் அவளுக்கு ஏனோ சிரிப்பு முட்டியது.

பாலக்கா என்பது அவளுடைய சொந்தப் பெயரில்லை. எட்டு வருஷமாக அந்த வீட்டில் சமைத்துத் துலக்கித் துடைப்பவள். வீட்டம்மாவுக்கு அவள் 'இந்தா'. ஐயாவுக்கு 'அம்மாடி'. குழந்தை பிறந்து, பால் புட்டிகளின் பொறுப்பு அவள் கைக்கு வந்த பிறகு, மருமகள்தான் 'பாலக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

அந்த எட்டு வருஷமும் அவளுக்கென்று ஒரு தனி டம்ளர். வீட்டு டம்ளர்களோடு ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியதுதான். கலந்துவிடக் கூடாதென்று வீட்டம்மா தன் நகச்சாயத்தை எடுத்து அதன் பக்கவாட்டில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாள். தேய்க்கும்போது அதில் நார் படக் கூடாதென்று உத்தரவு. பின்பக்க ஜன்னல் விளிம்புதான் அதற்கு இடம். தேநீர் போடுவது பாலக்கா, வடிகட்டுவது பாலக்கா, குடித்து முடித்த டம்ளர்களைத் துலக்குவதும் அவளேதான். அதே கை, அதே சோப்பு. ஆனால் அவள் வாய் பட்ட டம்ளர் மட்டும் மற்றவற்றோடு சேரக் கூடாது. காரணம் அவள் வரும் தெரு. அந்தத் தெருவுக்கு என்ன குறை என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. கேட்டிருந்தாலும் வீட்டம்மாவுக்குப் பதில் தெரிந்திருக்காது. அவளுக்கும் யாரோ சொல்லிக் கொடுத்ததுதான்.

பிறகு பேரன் பிறந்தான், மாதம் முழுவதும் காத்திராமல் அவசரப்பட்டு. தாய்ப்பால் போதவில்லை, புட்டிப்பால்தான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வீட்டம்மா அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். பிள்ளை குண்டாக வேண்டுமென்று அளவுக் கரண்டியில் பால்மாவைக் குவித்துக் குவித்துப் போட்டாள். அவன் மிச்சம் வைத்த பாலை வீணாக்க மனசு வராமல் ஃபிளாஸ்கில் சூடாக வைத்து அடுத்த வேளைக்கும் கொடுத்தாள். ஒரு மாதம் முடிவதற்குள் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு கண்டு, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. அந்த மூன்று நாளும் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"பால் கலக்கறது இனிமே ஒரே ஆளா இருக்கணும்," என்றாள் அங்கிருந்த நர்ஸ். "யாரு?"

மருமகள் மாமியாரைப் பார்க்கவில்லை. கூடத் துணைக்கு வந்திருந்த பாலக்காவின் முழங்கையைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "இவங்க."

நர்ஸ் ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தாள். பாலக்காவுக்குப் படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. ஆனால் காதில் விழுந்தது ஒன்றும் கீழே விழவில்லை. மறுநாளே சமையலறையில் ஓர் அரசாங்கம் நிறுவப்பட்டது. புட்டி, மூடி, ரப்பர் காம்பு எல்லாம் பெரிய பாத்திரத்தில் முழுக முழுகக் கொதிக்க வேண்டும். துணியால் துடைக்கக் கூடாது, தானாகக் காய வேண்டும். முதலில் தண்ணீர், பிறகுதான் மாவு. கரண்டியைக் கத்தி முதுகால் வழித்துவிட வேண்டும், ஒரு துளி மேடும் கூடாது. கலக்கி உடனே ஆற வைத்து, ஃப்ரிட்ஜில் உட்பக்கம் வைக்க வேண்டும். கதவில் வைத்தால் திறந்து மூடுவதில் சூடேறும். ஒவ்வொரு புட்டியிலும் கலந்த நேரம் எழுதி ஒட்ட வேண்டும். ஒரு நாள் தாண்டினால் கொட்ட வேண்டும். குழந்தை வாய் வைத்ததன் மிச்சத்தையும் கொட்ட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கை கழுவாமல் யாரும் அந்த மேடைப் பக்கம் வரக் கூடாது.

"அம்மா, தொடாதீங்க," என்று அவள் முதல்தடவை சொன்னபோது வீட்டம்மாவுக்கு உடம்பு தூக்கிவாரிப் போட்டது. எட்டு வருஷமாக அந்த வார்த்தை அந்த வீட்டில் ஒரே திசையில்தான் போய்க்கொண்டிருந்தது. "கை கழுவிட்டு வாங்கம்மா. சோப்பு போட்டு. நகத்துக்குள்ளயும்."

ஐயா இதை ரசித்துப் பார்த்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இப்படி ஒரு பொழுதுபோக்கு கிடைத்ததில்லை. "நான் கழுவிட்டேன் அம்மாடி, பாத்துக்கோ," என்று இரண்டு கையையும் பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல நீட்டிவிட்டுத்தான் ஃப்ரிட்ஜைத் திறப்பார். பேரன் கன்னம் உப்பி, தொடையில் மடிப்பு விழுந்து, கூப்பிட்டால் உருளும் பருவத்துக்கு வந்துவிட்டான். எடை பார்க்கும் நாளில் பாலக்காவுக்குக் கால் தரையில் நிற்காது.

வீட்டம்மாவால் தாங்க முடியாதது அதுதான். குறை கண்டுபிடிக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அலைந்தாள். இன்று காலையில் ஒன்று அகப்பட்டது.

"இவ்வளவு சுத்தம் பேசறியே," என்றாள், ஜன்னல் விளிம்பைச் சுட்டிக் காட்டி. "அந்த டம்ளர்ல தூசி விழுது, பல்லி ஓடுது. அதுல குடிச்ச கையோட வந்து புள்ளைக்குப் பால் கலக்கறே. முதல்ல அதைக் கொதிக்க வை."

நியாயமான பேச்சு. அடுப்பில் ஒரு பக்கம் சாப்பாடு, மறு பக்கம் புட்டிப் பாத்திரம். கொதிக்க வைப்பதற்கென்று இருந்தது அந்த ஒரே பாத்திரம். புட்டிகளை எடுத்துக் காயப் போட்டுவிட்டு, அந்தத் தண்ணீரிலேயே டம்ளரை முழுக்கினாள். பத்து நிமிஷம் தளதளவென்று கொதித்தது. புட்டி பிரஷ்ஷால் உள்ளும் புறமும் தேய்த்தாள். தண்ணீரில் சிவப்பாக ஏதோ செதில் செதிலாக மிதந்தது. 'சீ' என்று தண்ணீரைக் கொட்டி, பாத்திரத்தை விளக்கி, புதுத் தண்ணீர் வைத்து மறுபடியும் ஒரு கொதி. எடுத்துப் புட்டிகளுக்குப் பக்கத்தில் கவிழ்த்துவிட்டு, அழுத பிள்ளைக்கு ஒரு புட்டியைச் சூடாக்கி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள்.

அங்கே மூத்த ஓரகத்தி வந்து இறங்கியிருந்தாள். வீட்டம்மா இந்த உலகத்தில் பயப்படும் ஒரே ஜீவன். பிள்ளை பாதி புட்டியைக் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பாலக்கா மிச்சத்தைக் கொட்ட எடுத்தாள்.

"ஏன் கொட்டறே? மூடி வை, அப்புறம் குடிக்கும்," என்றாள் ஓரகத்தி.

"கூடாதுங்கம்மா. வாய் வெச்சாச்சு, இனி ஆகாது."

ஓரகத்தியின் புருவம் ஏறியது. "பால் கலக்கறது இவளா?"

"இவங்கதான் பெரியத்தை," என்றாள் மருமகள். அன்று அவளுக்கு ஆபீஸ் விடுமுறை. "இவங்க கைக்கு வந்த பிறகுதான் புள்ளை தேறினான்."

வீட்டம்மா தரையைப் பார்த்தாள். ஓரகத்தி சற்று யோசித்துவிட்டுப் பெருந்தன்மையோடு தலையசைத்தாள். "பச்சைப் புள்ளைக்கு என்ன தீட்டு. அது யார் கையாலயும் குடிக்கலாம். நாமதான் பாத்து நடந்துக்கணும்."

பாலக்காவுக்குச் சுருக்கென்றது. ஒரு நாளைக்கு ஏழு எட்டுத் தடவை தன் கையால் குடிக்கிற பிள்ளை, வளர்ந்து பேச்சு வந்த பிறகு, தன்னைப் பார்த்து 'தள்ளி நில்லு' என்று சொல்லக் கற்றுக்கொள்ளப் போகிறதா? எந்த வயதில் கற்றுக் கொடுப்பார்கள்? பாதிப் புட்டியை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள்.

வந்து பார்த்தால், ஐயா உபகாரம் செய்து வைத்திருந்தார். தேநீர் சீக்கிரம் வரட்டுமென்று, காய்ந்துகொண்டிருந்த டம்ளரையும் அலமாரி டம்ளர்களையும் எடுத்து மேடைமேல் வரிசையாக நிமிர்த்தி வைத்திருந்தார். "நீ அந்தப் பக்கம் போனே, நானே எடுத்து வெச்சுட்டேன்," என்றார் பெருமையாக. "கை கழுவிட்டுத்தான்."

அப்போதுதான் வீட்டம்மா உள்ளே வந்து எண்ணினாள். ஆறு இருக்க வேண்டிய இடத்தில் ஏழு. ஜன்னல் விளிம்பு காலி. ஒவ்வொன்றாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், அதுவும் தொடாமல், தலையை மட்டும் சாய்த்துச் சாய்த்து. எதிலும் பொட்டு இல்லை.

"பொட்டு எங்கே?"

"கொதில போயிடுச்சு போலம்மா."

"கொதிக்க வைக்கச் சொன்னது யாரு?"

"நீங்கதாம்மா."

"பீங்கான் கப்ல குடுத்துட்டா?" என்று வீட்டம்மா கையைப் பிசைந்தாள். மருமகள் கூடத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். வரும்போதே முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். "பெரியத்தை பீங்கான்ல குடிக்க மாட்டாங்களாம் அத்தை. கண்டவங்க வாய் வெச்ச அழுக்கு விரிசல்ல தங்குமாம். எவர்சில்வர்தான் சுத்தமாம்."

ஐயா டம்ளர்களை எண்ணினார். "ஏழுல ஒண்ணு. குடிக்கறது நாலு பேரு. எந்த லாட்டரியிலயும் இவ்வளவு வாய்ப்பு கிடைக்காது."

"நீங்க சும்மா இருங்க," என்று சீறிவிட்டு வீட்டம்மா பாலக்கா பக்கம் திரும்பினாள். குரலைத் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டாள். இதுல எது உன்னோடது?

பாலக்காவுக்குத் தெரியும். இடமிருந்து மூன்றாவது. முதல் வருஷம் ஜன்னலிலிருந்து பூனை தள்ளிவிட்டு, அடிப்பக்கம் ஒரு சின்ன நசுங்கல். கண்ணுக்குத் தெரியாது, பிடித்தால் கட்டைவிரலுக்குத் தெரியும். இந்த வீட்டில் வேறு யாராவது ஒருநாளாவது அதில் குடித்திருந்தால் அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

"தெரியலம்மா," என்றாள். "எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு."

மருமகள் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. பாலக்கா அதைப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான், அடக்கி வைத்திருந்த சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. "புரை ஏறிடுச்சும்மா," என்றாள். ஒன்றும் குடிக்காமலே.

"டீ வருமா, நான் கிளம்பட்டுமா?" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

வேறு வழியில்லை. பாலக்கா வடிகட்டினாள். வீட்டம்மா நான்கு டம்ளர்களைக் காட்டினாள், கண்ணை மூடிக்கொண்டு மாத்திரை விழுங்குகிற முகத்தோடு. தட்டு கூடத்துக்குப் போனது. ஓரகத்தி தட்டை மேலும் கீழும் பார்த்து ஒன்றை எடுத்தாள். மருமகள் ஒன்றை எடுத்தாள். ஐயா இருந்ததில் பெரிய நுரை எதில் என்று பார்த்து எடுத்தார். வீட்டம்மா கடைசியாக மிஞ்சியதை விரல் நுனியால் பிடித்து, குடிப்பதுபோல் உதட்டருகே கொண்டுபோய்க் கொண்டுபோய் இறக்கினாள்.

"டம்ளர் எப்படித் துலக்கியிருக்கு பாரு," என்றாள் ஓரகத்தி. தேநீரை உறிஞ்சிவிட்டு டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "உன் கையில இருக்கறதைவிட இது ஒரு படி மேல. முகம் தெரியுது. இப்படி இருந்தாத்தான் வாய் வைக்கவே மனசு வருது."

சமையலறை வாசலில் நின்ற பாலக்கா பார்த்தாள். மூன்றாவது டம்ளர். மற்ற ஆறுக்கும் ஒரு தேய்ப்பு என்றால், தனக்கென்று இருந்த ஒன்றுக்கு இரண்டு தேய்ப்பு தேய்ப்பது அவள் வழக்கம். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் தேய்த்தாள். இன்றைக்கு ஒருத்தி பார்த்துவிட்டாள்.

வீட்டம்மாவின் முகத்திலும் வெளிச்சம் வந்தது. இவ்வளவு பளபளப்பானது வீட்டு டம்ளராகத்தான் இருக்க வேண்டும். சந்தேகமே இல்லை.

ஓரகத்தி படியிறங்கியதும், அந்த டம்ளரை வேறு யாரும் தொடுமுன் வீட்டம்மாவே எடுத்துப்போய்த் தன் கையால் கழுவினாள். மருமகள் கல்யாணமாகி வந்ததிலிருந்து மாமியார் பாத்திரம் கழுவி அவள் பார்த்தது அதுதான் முதல்தடவை. பீரோவிலிருந்து நகச்சாயம் வந்தது. ஊதி ஊதிக் காயவைத்த சிவப்புப் பொட்டு.

"இனிமே இது என்னோடது. இது மட்டும்தான்," என்று அறிவித்தாள். "இதை யாரும் தொடக் கூடாது. மத்த ஆறும் எப்படியோ போகட்டும்." மற்ற ஆறோடு கலந்துவிடக் கூடாதே என்று, அதைத் தனியாகக் கொண்டுபோய்ப் பின்பக்க ஜன்னல் விளிம்பில் கவிழ்த்தாள்.

அன்று மாலை பாலக்கா அலமாரியிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து, சமையலறை முக்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்தாள். மருமகள் எதிரே இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இத்தனை நாள் நானும் பாத்துட்டுத்தானேக்கா இருந்தேன்," என்றாள் மெதுவாக. பாலக்கா அவள் டம்ளரில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

மறுநாள் காலை புட்டிப் பாத்திரம் தளதளத்தது. "அம்மா, உங்க டம்ளர் ஜன்னல்ல கெடக்கு. தூசி விழும். கொதில போட்டு எடுக்கட்டுமா?"

"வேண்டாம் வேண்டாம். பொட்டு போயிடும்," என்று வீட்டம்மா ஓடி வந்து, தன் தேநீரைத் தானே ஊற்றிக்கொண்டாள். முக்காலிகள் இரண்டிலும் ஆள் இருந்தது. ஜன்னலோரமாக நின்றபடியே ஒரு வாய் குடித்தாள். டம்ளரைக் கையில் உருட்டினாள். முகம் சுருங்கியது.

"என்ன இது, அடியில நசுங்கியிருக்கு. இத்தனை வருஷமா நான் கவனிக்கவே இல்லையே."

"பழகிடும்மா," என்றாள் பாலக்கா, கரண்டி மாவைக் கத்தி முதுகால் வழித்தபடி. "கட்டைவிரலை அதுல வெச்சுப் பிடிங்க. வாகா இருக்கும்."

வீட்டம்மா வைத்துப் பார்த்தாள். வாகாகத்தான் இருந்தது.