அளவுக் கை

மணி கோத்த கம்பியை அண்ணி தன் இடது மணிக்கட்டில் மூன்று சுற்று சுற்றி, மிஞ்சிய நுனியைக் குறட்டால் வெட்டினாள். பிறகு குறட்டின் மூக்கால் நுனியைச் சுருட்டி ஒரு சின்னக் கண்ணாக மடக்கினாள். கண் சரியாக விழாவிட்டால் மணிகளெல்லாம் ஓடிவிடும், போட்டுக்கொள்கிறவளின் தோலையும் கீறும். செய்கிறவளின் தோலைக் கம்பி எப்படியும் கீறத்தான் செய்யும். அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

எதிரே நாத்தனார் உட்கார்ந்து மணி கோத்துக்கொண்டிருந்தாள். மணியும் கம்பியும் பெட்டியில் கொண்டுவந்து தருகிற பெட்டிக்காரம்மா, முதல் நாளே இரண்டு பேர் கையையும் பிடித்துப் பார்த்துவிட்டாள். மாதிரி பிரேஸ்லெட் அண்ணியின் கையில் அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. "இதான் அளவு. குழாய்ல, பாட்டில்ல எல்லாம் சுத்தாத, உருண்டையா நிக்கும். உன் கையிலயே சுத்து" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து சுற்றுவது அண்ணி, கோப்பது நாத்தனார்.

"உன் கையில சுத்தினா நாய்க்குத்தான்டி கழுத்துல போடணும்" என்பாள் அண்ணி.

"ஆமா மகாராணி, உங்களது அளவுக் கை. எங்களது பாத்திரம் தேய்க்கிற கை."

இப்போதெல்லாம் இந்தக் கேலி குறைந்துவிட்டது. அண்ணி பேச வாயெடுத்தால் இருமல் முந்திக்கொள்கிறது. தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே கிடக்கிறது. துணி துவைக்கும்போது மோதிரம் நழுவி வாளிக்குள் விழுந்ததும் சோப்பு வழுக்கிவிட்டது என்று சொல்லி, அதை எடுத்துத் துணிப் பெட்டியில் போட்டுவிட்டாள். லாரியோடு ஊர் ஊராகப் போகிற அண்ணன் வந்ததும் சொல்ல வேண்டும் என்று நாத்தனார் நினைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன்தான் வந்தபாடில்லை.

பெட்டிக்காரம்மா வந்தாள். போன தடவை வாங்கிக்கொண்டு போன பெட்டி அப்படியே அவள் கையில் இருந்தது. அவளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும்.

"என்னம்மா இது? அத்தனையும் சின்னப் பிள்ளைங்க கைக்குத்தான் ஆகுது. கடைக்காரன் மூஞ்சில விட்டெறியாத குறை."

"நான் அளவ மாத்தலையே. அதே கைதான், அதே மூணு சுத்துதான்" என்றாள் அண்ணி.

பெட்டிக்காரம்மா பையிலிருந்து பழைய மாதிரியை எடுத்து அண்ணியின் கையில் மாட்டினாள். அண்ணி கையை உயர்த்தினாள். பிரேஸ்லெட் சரசரவென்று இறங்கி முழங்கைக்குக் கிட்டே போய் நின்றது.

மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். தினமும் எதிரே உட்கார்ந்தும் நாத்தனாரின் கண்ணில் படாதது, ஒரு கம்பித் துண்டுக்குத் தெரிந்திருக்கிறதே.

"அப்ப கைதான் கோளாறு" என்றாள் பெட்டிக்காரம்மா. "எல்லாத்தையும் பிரிச்சுத் திரும்பச் சுத்திடு. மடங்குன கம்பி உதவாது, புதுக் கம்பிக்கு உன் கூலியில பிடிச்சுக்குவேன். நாளைக்குச் சாயங்காலம் வருவேன். முடியலைன்னா இப்பவே சொல்லு, பின் தெருவுல கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"முடியும்" என்று அண்ணி அவசரமாகச் சொன்னாள்.

பெட்டிக்காரம்மாவின் தலை மறைந்ததும் நாத்தனார் எழுந்தாள். "வாங்க அண்ணி, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"போலாம். இத முடிச்சிட்டுப் போலாம்."

"உங்களுக்கென்ன பைத்தியமா? கையப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்டி. ஆஸ்பத்திரில போய் உக்காந்தா பொழுது அங்கயே போயிடும். வேல கை மாறிப் போச்சுன்னா அப்புறம் மருந்துக்கு யாரு குடுப்பா, உங்க அண்ணனா? அந்தக் கிழிஞ்ச தலகாணி உறைய எடு."

நாத்தனார் எடுத்து வந்தாள். அண்ணி அதை நீளமாகக் கிழித்து மணிக்கட்டில் இறுக்கிச் சுற்றினாள். மாதிரியை மாட்டிப் பார்த்தாள்; ஆடியது. இன்னொரு சுற்று சுற்றினாள். இப்போது ஆடவில்லை. முதல் நாள் உட்கார்ந்ததுபோலவே உட்கார்ந்தது.

"பாத்தியா, சதை போட்டுட்டேன்" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி அவளைக் குனியவைத்தது. நாத்தனார் முதுகைத் தடவிக்கொண்டே அழுதாள். அண்ணி நிமிர்ந்ததும் குறட்டைத்தான் தேடினாள்.

மறுநாள் சாயங்காலம் பெட்டிக்காரம்மா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். முகம் தெளிந்தது.

"ஆங், இப்ப சரியா இருக்கு. கையில என்ன கட்டு, அடிபட்டுச்சா?"

"இல்லக்கா, அளவுக்கு."

பெட்டிக்காரம்மா துணியைத் தொட்டுப் பார்த்து, மெச்சிக்கொள்வதுபோல் தலையாட்டினாள். "பரவாயில்லையே, மூளைக்காரிதான். அவுத்துடாத. அடுத்த பெட்டிக்கும் இதே அளவுதான்" என்று புதுப் பெட்டியை இறக்கி வைத்தாள். "அவசர ஆர்டர். நாளைக்கே வேணும்."

நாத்தனார் வாய் திறப்பதற்குள் அண்ணி "சரிக்கா" என்றுவிட்டாள்.

அந்தப் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு பெட்டி வந்தது, அதற்குப் பின்னாலும் ஒன்று. ஆஸ்பத்திரிக்கு நாளைக்குப் போகலாம் என்பது மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு பெட்டியைப் பிரிக்கும்போதும் அண்ணி முதலில் மாதிரியை மாட்டிக் கையை உயர்த்திப் பார்ப்பாள். அது இறங்கினால் இடது கையை நீட்டுவாள். நாத்தனார் தலையணை உறையிலிருந்து இன்னொரு துண்டு கிழிப்பாள்.