எல்னா விட்டுவிட்ட பொருள்

1976ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்றே காலுக்கு, கெல்ஸ்லுண்ட் ஊர் மன்றத்தில், தபால்காரர் நிஸ்ஸின் மனைவி எல்னா செய்துகொண்டு வந்த ரை ரொட்டி கேக்கைத் தின்ற பதினேழு பேர் நாற்காலியை விட்டு ஒன்றரை அடி உயரம் எழும்பி, ஏறக்குறைய அரை மணி நேரம் அங்கேயே நின்றார்கள். கேக்கில் சர்க்கரை ஒரு சிட்டிகை கூடிவிட்டது என்று இரண்டு பேர் அபிப்பிராயப்பட்டார்கள். பாதிரியார் மோன்ராத் எழும்பியபோது அங்கிக்குக் கீழே அவருடைய கம்பளிக் காலுறை தெரிந்தது. இடது காலில் முட்டை அளவுக்கு ஓட்டை. கட்டிக்கொள்ளாத மனுஷன், யார் தைத்துக் கொடுப்பார்கள் என்று கீழே இருந்தவர்கள் பரிதாபப்பட்டார்கள். மேலே இருந்தவர்கள் காப்பியை நீட்டச் சொல்லி வாங்கிக் குடித்தார்கள். நாலு மணி வாக்கில் ஒவ்வொருவராக இறங்கி, கோட்டை மாட்டிக்கொண்டு பால் கறக்கப் போனார்கள்.

தென் ஜட்லாந்தில் காப்பி மேஜை என்றால் மென்மையான கேக் ஏழு, மொறுமொறு வகை ஏழு, ஆகமொத்தம் பதினான்கு. ஜெர்மன்காரன் ஆண்ட காலத்தில் டேனிஷ்காரர்கள் கூடும் மன்றங்களில் மது விற்க அனுமதி கிடைக்காது. அதனால் காப்பியையும் கேக்கையும் வைத்தே நாட்டுப்பற்றை வளர்த்தார்கள், கூடவே தொந்தியையும். ஜெர்மன்காரன் போய் ஐம்பத்தாறு வருஷம் ஆகியும் பதினான்கில் ஒன்றுகூடக் குறையவில்லை. பதினான்கையும் ருசி பார்த்தே ஆகவேண்டும். ஒன்றைத் தாண்டிவிட்டால் அதைச் செய்தவள் கிறிஸ்துமஸ் வரைக்கும் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். எந்த வீட்டுக் கேக் மேஜை ஏறும், எது ஏறாது என்பதிலெல்லாம் நிஸ்ஸின் அக்கா தோரா வைத்ததுதான் சட்டம். பாதிரியார்கூட ஞாயிறு பிரசங்கத்தை தோராவின் அடுப்பு நேரம் பார்த்துத்தான் முடிப்பார்.

எல்னா அந்த ஊர்க்காரி இல்லை. வடக்கே, லிம்ஃபியோர்டு கடற்கழிக்கு அக்கரையிலிருந்து நிஸ்ஸைக் கட்டிக்கொண்டு வந்தவள். வந்து பன்னிரண்டு வருஷம். சமையல் என்றால் அவளுக்குப் பைத்தியம் என்று சொன்னால் பைத்தியம் கோபித்துக்கொள்ளும். ஏதாவது புதிதாகக் கண்டுபிடித்துவிட்டால் அதை யாரிடமாவது சொல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த கிழவரிடம் பீட்ரூட் ஊறுகாய் போடும் விதத்தைச் சொல்லிக்கொண்டே வந்து, அவர் இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டு, இரண்டு பேருமாக ஜெர்மன் எல்லை வரை போய்த் திரும்பியிருக்கிறார்கள். தவறான எண்ணுக்கு யாராவது போன் பண்ணிவிட்டால் ஹெர்ரிங் மீனை எத்தனை நாள் ஊறவைப்பது என்று தெரிந்துகொண்டுதான் வைக்க முடியும். குறிப்பு எழுதினால் மூன்று பக்கத்துக்குக் குறையாது. எந்தக் கரண்டி, சன்னல் திறந்திருந்ததா மூடியிருந்ததா, அன்றைக்கு மழையா வெயிலா, எல்லாம் இருக்கும்.

ஆகவே ரை ரொட்டி கேக்கை ஊரே கேட்டபோது அவள் பூரித்துப்போனாள். அன்று ராத்திரியே உட்கார்ந்து இருபத்திரண்டு பிரதி எழுதினாள். ரை தானியத்தில் சுட்ட பழைய கறுப்பு ரொட்டியைக் காயவைத்துத் துருவி, அந்தத் துருவலை இரும்புச் சட்டியில் வெண்ணெய் விட்டு, வாசனை வாசல் தாண்டும்வரை வறுக்கவேண்டும். இதுதான் அவள் கண்டுபிடிப்பு. பிறகு முட்டை, சர்க்கரை, பொடித்த ஹேசல் கொட்டை, கொஞ்சம் கோகோ. நடுவில் தோட்டத்துப் புளிப்புப் பழ ஜாம், மேலே அடித்த கிரீம். எதையும் ஒளிக்கவில்லை. மறுநாள் நிஸ் கடிதங்களோடு கடிதமாக வீடு வீடாகப் போட்டுவிட்டு வந்தார்.

அங்கேதான் வினை. கெல்ஸ்லுண்டில் ஒரு பழக்கம் உண்டு. ஒருத்தி இன்னொருத்திக்குக் குறிப்பு கொடுத்தால் அதில் ஒரு பொருளை விட்டுவிட்டுத்தான் கொடுப்பாள். இது கஞ்சத்தனம் இல்லை, மரியாதை. முழுசாகக் கொடுத்தால், உனக்கு மண்டையில் ஒன்றுமில்லை, நானே ஊட்டிவிடுகிறேன் என்று சொன்னதாக அர்த்தம். வாங்கியவள் விடுபட்டதைத் தானே கண்டுபிடித்துச் சேர்ப்பாள். இதை யாரும் யாருக்கும் வாய்விட்டுச் சொல்வது கிடையாது. பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தானாகத் தெரியும். எல்னாவுக்கு யார் சொல்வார்கள்?

இருபத்திரண்டு அடுப்பங்கரைகளிலும் எல்னாவின் மூன்று பக்கத்தைப் படித்தார்கள். இவ்வளவு நீட்டி முழக்கியிருக்கிறாள் என்றால் விட்டது லேசுப்பட்ட பொருளாக இருக்காது என்று முடிவு கட்டினார்கள். தோரா கடுகுப் பொடி சேர்த்தாள். அவள் கேக்கைத் தின்றவர்கள் உட்கார்ந்த வாக்கில் இடதுபக்கம் திரும்பி, சன்னலைப் பார்த்தபடி முக்கால் மணி நேரம் இருந்தார்கள். பண்ணைக்கார ஆன்கெ பீர் ஊற்றினாள். தின்றவர்களுக்குத் தலைமயிர் மட்டும் எழும்பிற்று. பாதிரியாருக்கு அந்த வகையிலும் கொடுப்பினை இல்லை. கத்ரீனா மருந்துக்கடையில் கற்பூரச் சாறு வாங்கி ஊற்றினாள். ஆட்கள் அசையவில்லை, காலில் இருந்த செருப்பு மட்டும் கழன்று கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. கசாப்புக்காரர் மனைவி பன்றிக் கொழுப்பைச் சேர்க்கப்போய், தின்றவர்கள் எல்லாரும் கனத்துப்போய், கோயில் மணியடிப்பவர் உட்கார்ந்திருந்த நாற்காலி நாலாக உடைந்தது. ஒருவர்கூட ஒரு விரற்கடை எழும்பவில்லை.

நவம்பர் கடைசியில் பெண்கள் மன்றத்தில் கூடி எல்னாவைக் கூப்பிட்டார்கள். என்ன விட்டாய் என்று தோரா கேட்டாள். ஒன்றும் விடவில்லையே என்றாள் எல்னா. கூட்டத்தில் சிரிப்பு எழுந்து அடங்கியது. எல்னாவுக்கு விளங்கவில்லை. அப்போதுதான், அந்த ஊர் சரித்திரத்தில் முதல்முறையாக, தோரா அந்தப் பழக்கத்தை வாய்விட்டுச் சொன்னாள்.

"நாங்களும் ஆளுக்கு ஒண்ணு விடுறவங்கதான் எல்னா. இல்லேன்னு சொல்லல. ஆனா கண்டுபிடிக்கிற மாதிரி விடுவோம். நீ விட்டதை இத்தனை பேரு சேர்ந்தும் கண்டுபிடிக்க முடியலையே. அதுக்குப் பேரு திமிரு."

எல்னாவின் மனசு வேறொரு கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருஷமாக இவர்கள் எழுதிக் கொடுத்ததையெல்லாம் வேதவாக்காக நம்பி, அப்படியே செய்து, கல் மாதிரி வந்த பிஸ்கட்டையும் பசை மாதிரி வந்த கேக்கையும் தன் கைராசி என்று நினைத்துத் தானே தின்று தீர்த்திருக்கிறாள். "நான் விடல அண்ணி. சத்தியமா விடல," என்றாள். சத்தியம் வேறா என்று கசாப்புக்காரர் மனைவி பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். விட்டதைச் சொல்லும்வரை எல்னாவின் கேக் மேஜை ஏறக்கூடாது, அவள் குறிப்பை யாரும் கையால் தொடக்கூடாது என்று தீர்மானமாயிற்று.

கேக் மேஜை ஏறாததைக்கூட எல்னா தாங்கிக்கொண்டாள். அவள் சொல்வதை யாரும் வாங்கிக்கொள்ளாததுதான் அவளை உருக்கியது. அந்தக் குளிர்காலத்தில் அவள் ஆப்பிளைப் புகைபோட்டு பன்றி இறைச்சியோடு சேர்க்கும் விதத்தைக் கண்டுபிடித்தாள். கடையில் சொல்ல வாயெடுத்தாள், கடைக்காரி தராசைத் துடைக்க ஆரம்பித்தாள். ஆன்கெ கன்றுக்குட்டிக்கு உடம்பு சரியில்லை என்று ஓடினாள். பேருந்தில் அவள் பக்கத்து இடம் காலியாகவே போயிற்று. கடைசியில் கோட்டு மாட்டும் முளையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் தொங்கிய கோட்டில் நாலு நாளைக்குப் புகைபோட்ட ஆப்பிள் வாசனை அடித்தது. சொல்ல ஆள் இல்லாவிட்டால் சமைத்து என்ன பிரயோஜனம் என்று ஜனவரியில் அடுப்பை அணைத்துவிட்டு, ரொட்டியையும் வெண்ணெயையும் வைத்தே காலத்தைத் தள்ளினாள். நிஸ் மூன்று கிலோ இளைத்தார்.

நிஸ் அதிகம் பேசாதவர். ஆனால் தபால்காரர் போகாத வீடு கிடையாது, போன வீட்டில் காப்பி குடிக்காமல் வெளியே வரமுடியாது. மார்ச் மாதம் ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றாமலே சமையலறையில் உட்கார்ந்தார்.

"அக்கா கேக்ல கடுகு இருக்கு. ஆன்கெ வீட்ல பீரு. நீ அதெல்லாம் எழுதினியா?"

"கடுகா? எந்தப் பைத்தியமாவது ரை ரொட்டி கேக்ல கடுகு போடுவாளா?"

"எல்லாருமே ஒண்ணு போட்டிருக்காங்க எல்னா. நீ விட்டுட்டேன்னு நினைச்சுகிட்டு. உன் கேக்கை நீ எழுதின மாதிரி இதுவரைக்கும் ஒருத்தியும் செய்யவே இல்ல."

எல்னா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு மூக்கைச் சிந்திவிட்டு என்ன செய்யலாம் என்று கேட்டாள். உண்மையைச் சொன்னால் நம்பப்போவதில்லை, அதை ஏற்கனவே சொல்லிப் பார்த்தாயிற்று. அப்படியானால் எதையாவது ஒன்றை விட்டுத் தொலை என்றார் நிஸ்.

சொல்வது சுலபம். எல்னாவுக்கு மூன்று வாரம் பிடித்தது. முட்டையை விட்டு எழுதிப் பார்த்தாள், உடனே மறுபடி சேர்த்துவிட்டாள். கொட்டையை விட்டாள், சர்க்கரையை விட்டாள். இதைக் கண்டுபிடிக்காமல் தோரா கடுகையே போட்டுவிட்டால் என்ன ஆவது என்று அவற்றையும் திரும்ப எழுதினாள். கடைசியில் ரை ரொட்டி கேக் என்று மேலே கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டு, கீழே ரை ரொட்டியையே எடுத்துவிட்டாள். வெண்ணெயைக் காயவிட்டு வாசனை வாசல் தாண்டும்வரை வறுக்கவும் என்று இருந்தது. எதை வறுப்பது என்று இல்லை. இது கொஞ்சம் ஓவர் என்று நிஸ் தயங்கினார். அவங்க தூரத்துல தேடித் தேடித்தான் கெட்டாங்க, இந்தத் தடவை காலுக்கடியிலயே போட்டு வைக்கிறேன் என்றாள் எல்னா.

ஏப்ரல் மாதம் மன்றத்தில், தலையைக் குனிந்துகொண்டு, முதலில் கொடுத்ததில் தப்பு நடந்துவிட்டது, இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று தாள்களை நீட்டினாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் முகம் காதுவரை சிவந்தது. அதுதான் அவளைக் காப்பாற்றியது. குற்றவாளி முகம் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று எல்லாருக்கும் திருப்தி. தோரா மேலிருந்து கீழே படித்தாள், கீழிருந்து மேலே படித்தாள். அவள் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்தது. தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, நேராக ரொட்டிக் கடைக்குப் போனாள். அவளுக்குப் பின்னால் இருபத்தொரு பேர் போனார்கள். அன்று சாயங்காலத்துக்குள் கெல்ஸ்லுண்டில் ஒரு துண்டு ரை ரொட்டி மிச்சமில்லை.

அந்த வாரமே ஊர் எழும்பியது. ஆன்கெ வீட்டில் ஒன்றரை அடி, கத்ரீனா வீட்டில் ஒன்றே முக்கால். தோராவின் கேக்கைத் தின்றவர்கள் இரண்டு அடி எழும்பினார்கள், எல்னாவுடையதைவிட அரை அடி கூட. இறங்கும்வரை பொறுக்காமல் தோரா காலை வேலியில் உதைத்து உதைத்து மிதந்துகொண்டே தம்பி வீட்டுக்கு வந்து, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரொட்டியை ஒளிச்சியே, கள்ளி. நான் பார்த்ததும் கண்டுபிடிச்சிட்டேன்."

"மன்னிச்சிருங்க அண்ணி."

"அட விடு. எல்லாரும் செய்யிறதுதானே," என்று தோரா மேலேயிருந்தபடியே குனிந்து, பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக, அவள் கன்னத்தைத் தட்டினாள். செய்யாத குற்றத்துக்குத் தண்டனையும், செய்த குற்றத்துக்குச் செல்லமும் கிடைத்ததை நினைத்து எல்னாவுக்குச் சிரிப்பாக இருந்தது. அதற்கப்புறம் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். புகைபோட்ட ஆப்பிள் குறிப்பு மறுவாரமே ஊரெல்லாம் போயிற்று, ஆப்பிள் இல்லாமல்.

வருஷங்கள் ஓடின. மன்றத்தின் விளக்குகளை மூன்று அடி ஏற்றிக் கட்டினார்கள். காப்பிக் கூஜாவுக்கு நீளமான கைப்பிடி செய்தார்கள். எழும்பும்போது ஆண்கள் சுத்தமான காலுறை அணிந்திருக்கவேண்டும் என்று மன்ற விதிகளில் ஒரு வரி சேர்ந்தது. பாதிரியார் மோன்ராத் காலுறை தைக்கக் கற்றுக்கொண்டார். எல்னா நானூற்றுச் சொச்சம் குறிப்புகள் கொடுத்தாள். ஒவ்வொன்றையும் முதலில் முழுசாக எழுதி, ஆசை தீரப் படித்துப் பார்த்துவிட்டு, ஒரு வரியை அடிப்பாள். அடிக்கும்போதெல்லாம் அவளுக்குப் பல் பிடுங்குவதுபோல வலித்தது. அந்த வலி கடைசிவரை போகவில்லை.

1989ஆம் ஆண்டு ஜூன் மாதம் தோரா படுத்த படுக்கையானாள். ஒரு நாள் காலை பத்து மணிக்கு எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, நிஸ்ஸையும் எல்னாவையும் மட்டும் கூப்பிட்டாள்.

"போற நேரத்துல கேக்கிறேன். மறைக்காதே. அந்தக் கேக்ல ரொட்டியைத் தவிர வேற என்ன விட்ட?"

அந்த மன்றக் கூட்டத்துக்கப்புறம், இத்தனை வருஷத்தில் ஒருவர் அவளிடம் நேருக்கு நேர் கேட்டது அப்போதுதான். எல்னாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தோராவின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். முதல் தாளில் எதுவுமே விடவில்லை, கடுகுதான் கெடுத்தது, இரண்டாவது தாளில் வேண்டுமென்றே ரொட்டியை எடுத்தேன், வேறு ஒன்றும் கிடையாது என்று ஒரு வரி விடாமல் சொல்லி முடித்தாள்.

தோரா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தம்பி பக்கம் தலையைத் திருப்பினாள். "சொல்ல மாட்டேங்கிறா பாரு," என்றாள், குரலில் அவ்வளவு சந்தோஷம். "நம்ம ஊர்க்காரியாவே ஆயிட்டா." மத்தியானம் இறந்துபோனாள்.

சாவுக் காப்பிக்கு எல்னா ஐந்து ரை ரொட்டி கேக் செய்தாள். அறுபத்து நான்கு பேர் கறுப்பு உடையில் மேலே எழும்பி, தோரா எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எல்னா அவர்களுக்கு நடுவில் மிதந்துகொண்டே கொஞ்சம் அழுதாள். மணியடிப்பவர் கீழே விழுந்த துகள்களைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.