முகமூடி உபயம்

மகள் வாள் வீசப் படிக்கிறாள் என்று பிளாரன்ஸ் சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். அப்புறம், "நாளைக்குக் கட்டிக்கொடுக்கப் போற புள்ளைக்கு இது எதுக்கு?" என்பார்கள். சுஜிதாவுக்கு வயசு பதினாறு. கட்டிக்கொடுக்கிறார்களாம்!

விஷயம் இதுதான். மதுரையில் மாநிலப் போட்டி. அதில் மெடல் வாங்கினால் உதவித்தொகை, விடுதி, சாமான் எல்லாம் தேடி வரும். மற்ற சாமானைக் கோச் ஜெபின் இரவல் தந்துவிடுவார். தலைக்குப் பொருந்துகிற கம்பிவலை முகமூடி மட்டும் சொந்தமாக வேண்டும். முகமூடி வாங்க உதவித்தொகை வேண்டும், உதவித்தொகைக்கு மெடல் வேண்டும், மெடலுக்கு முகமூடி வேண்டும். இப்படி ஒரு சட்டம் போட்ட மகராசன் எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டும்.

பிளாரன்ஸ் ஏறாத படியில்லை. ஒரு கம்பெனியில், "கிரிக்கெட்டுன்னா பார்க்கலாம்" என்றார்கள். ஒரு சங்கத்தில் மேடையேற்றி, சால்வை போர்த்தி, ஆளுக்கு அரைமணி நேரம் பேசி, பிரியாணி போட்டு அனுப்பினார்கள். சால்வையைத் தலையில் மாட்டிக்கொண்டா வாள் வீச முடியும்?

கடைசியில் உப்புக் கம்பெனி பொன்னுதுரை அண்ணாச்சியிடம் போனாள். கோயில் ஃபேன், பஸ் ஸ்டாப் பெஞ்சு, பிணம் வைக்கிற ஐஸ் பெட்டி, எல்லாம் அவர் உபயம். செத்தவன்கூட அண்ணாச்சி பேரோடுதான் ஊரைவிட்டுப் போகணும்.

"வாங்கித் தாரேன்மா. ஆனா மூஞ்சியே தெரியாதாம்லா. பேப்பர்ல படம் வந்தா என்ன புண்ணியம்?"

"மூடுனாத்தான் கண்ணு தப்பும், அண்ணாச்சி."

"அப்பம் அந்த வலையிலேயே நம்ம பேரை எழுதிருவோம். போட்டோல பளிச்சுன்னு விழும்."

சுஜிதாவுக்கு மனசு ஒப்பவில்லை. "யம்மா, கோச் சார்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோம்."

"சும்மா கெடளா. தாரவுக மனசு கோணப்படாது" என்று பிளாரன்ஸ் அடக்கிவிட்டாள். படகுக்கு மாதா பேர் எழுதுகிற ஆன்டனி வந்து, உப்புத்தண்ணிக்கும் அசையாத படகு பெயிண்டில் 'உபயம்: பொன்னுதுரை' என்று கொட்டை எழுத்தில் ரெண்டு பூச்சு பூசிக் கொடுத்தான். பேர் எழுதாத படகு எந்தக் கரையில் இறங்குகிறது? முகமூடியைப் பார்க்கப் பார்க்க பிளாரன்ஸுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மதுரையில் சாமான் சோதிக்கிற மேசை. அங்கே இருந்த அம்மாள் முகமூடியில் ரெண்டு ஒயரை வைத்தாள். விளக்கு எரியவில்லை. இன்னொரு இடத்தில் வைத்தாள். ம்ஹூம்.

"தலையில வாள் பட்டா இந்த வலை வழியா கரண்ட் போய் விளக்கு எரியணும். அப்பத்தான் புள்ளி. மேல பெயிண்ட் அப்பினா எப்படிம்மா போகும்? மேட்ச் கூப்பிடுறதுக்குள்ள சுரண்டிக் கொண்டாங்க. இல்லேன்னா பொண்ணு ஆட முடியாது."

சுஜிதா அழவில்லை. அம்மாவைப் பார்த்தாள், அவ்வளவுதான். பிளாரன்ஸ் முகமூடியைப் பிடுங்கிக்கொண்டாள். கேட்போம் என்று சொன்ன புள்ளையின் வாயை அடைத்தது நான்தானே, பாவி!

எதிர்க்கடைக்கு ஓடினாள். பெயிண்டைக் கரைக்கிற தின்னரும், பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரும் வாங்கிவந்து வராந்தாவில் உட்கார்ந்து, அடிப்பிடித்த சட்டியைத் தேய்க்கிற மாதிரி தேய்க்க ஆரம்பித்தாள். அப்போது பார்த்து அண்ணாச்சி போட்டோக்காரனோடு காரைவிட்டு இறங்கினார்.

"ஏம்மா! என் பேரு!"

"கரண்ட் போகலியாம் அண்ணாச்சி."

"அப்பம் 'உபயம்'கிறதை மட்டும் அழி. பேரு பாட்டுக்குக் கெடக்கட்டும்."

பிளாரன்ஸ் நிமிரவேயில்லை. 'உபயம்' போனது, 'பொன்னு' போனது. 'துரை' மட்டும் கொஞ்சம் மல்லுக்கட்டியது. அதையும் விடவில்லை. மைக்கில் சுஜிதா பேரைக் கூப்பிட்டபோது முகமூடி மேசைமேல் இருந்தது. ஒயரை வைத்தார்கள். விளக்கு எரிந்தது. சுஜிதா பறித்துத் தலையில் மாட்டிக்கொண்டு ஓடினாள். முதல் புள்ளியே அவளுக்குத்தான்.

போட்டோக்காரன் கேமராவைத் தூக்கினான். அண்ணாச்சி அவன் கையைத் தட்டிவிட்டார். "ஏலே, யாரை எடுக்க? அதுல என் பேரா இருக்கு?" பிளாரன்ஸ் பக்கம் திரும்பினார். "பேரு இல்லாத சாமானுக்கு நான் எதுக்குத் துட்டு அழணும்? இப்பவே கழட்டி வாங்கித் தா."

பிளாரன்ஸ் கையை முகர்ந்து பார்த்தாள். தின்னர் வாடை குமட்டியது.

"அந்தா நிக்கா அண்ணாச்சி. கையில வாள் இருக்கு. நீங்களே போய்க் கழட்டிக்கிடுங்க."