மூன்றாவது வளையம்

பதினோராயிரத்து நானூறு. தாளில் இருந்த தொகையை இரண்டு முறை படித்துவிட்டு, அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மகள் படகின் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தாள்.

ஆற்றங்கரைக் குடியிருப்புகளின் பின்சுவர் நெடுக இரும்பு வளையங்கள். ஒரு வளையத்தில் ஒரு நாளுக்கு மேல் படகு நிற்கக் கூடாது; காலை எட்டு மணிக்குள் வேறு வளையத்துக்கு மாறிவிட வேண்டும். படகிலேயே குடியிருந்த அப்பா ஆறு வருஷமாக அப்படித்தான் மாறிக்கொண்டிருந்தார். படுக்கையில் விழுந்த பிறகு பன்னிரண்டு நாள் படகு நகரவில்லை. நாளுக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது தண்டம். இன்றும் நகராவிட்டால் படகை இழுத்துப் போய்விடுவார்கள். அப்புறம் அவரைக் கிடத்த இடமில்லை. அவளுடைய ஒற்றை அறையில் ஏற்கெனவே ஐந்து பேர்.

ஆஸ்பத்திரிச் சீட்டை நேற்றே தண்டம் போட்ட படகுத்துறை அதிகாரியிடம் காட்டிப் பார்த்தாள். “சீக்கு அவருக்குத்தானேம்மா. படகு நல்லாத்தானே இருக்கு,” என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை.

சுவரடியில் ஒரு சாண் அகல விளிம்பு, பாசி பிடித்தது. அதில் நின்று இழுத்தாள். உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது.

“பின்கயித்த முதல்ல அவுத்து விடு.”

“விட்டாச்சுப்பா.”

“படகு மூக்கு சுவத்துல தட்டும். காலால தள்ளு.”

“தள்ளிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“இந்தத் தள்ளுக்கு அடுத்த வருஷம் போய்ச் சேரலாம்.”

இரண்டாவது வளையத்தில் மாடிவீட்டுக்காரரின் வெள்ளைப் படகு நின்றது. அதற்கு வருஷ அனுமதி உண்டு. அதைச் சுற்றிக்கொண்டு மூன்றாவதற்குப் போக வேண்டும். தண்ணீர் எதிர்த்து இழுத்தது. கயிறு உருவி உள்ளங்கைத் தோல் பிய்ந்தது.

“வெளிய சுத்து. உள்ள போவாத. உனக்கு எத்தன தடவ சொல்றது...”

“எனக்குத் தெரியும்ப்பா. கொஞ்ச நேரம் வாய மூடிக்கிட்டு இருங்க.”

அவர் பேசவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தாள். அதுவும் நல்லதுதான் என்று இழுத்தாள். மூன்றாவது வளையத்தில் கயிற்றைக் கட்டி நிமிர்ந்தபோது எட்டுக்குப் பத்து நிமிஷம்.

“கட்டிட்டேன்பா. நேரம் கூட மிச்சம்.”

பிய்ந்த உள்ளங்கையை ஆற்றுத் தண்ணீரில் கழுவினாள்.

“கோவமா?” என்று கேட்டபடி நனைந்த முந்தானையைப் பிழிந்தாள். பிழிந்து முடித்த பிறகுதான் உள்ளே போனாள்.

அதிகாரி எட்டு மணிக்கே வந்தார். வளையத்தைப் பார்த்துத் தலையாட்டினார். படகுக்குள் எட்டிப் பார்த்தவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு பையிலிருந்து தண்டப் புத்தகத்தை எடுத்தார்.

“தண்டம் ஆள் பேர்லம்மா. ஆளு இல்லேன்னா வசூலும் இல்ல. நானே அடிச்சு விட்டுடறேன்.”

அவள் அப்பாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

“நேரம் மட்டும் எழுதணும். எத்தன மணிக்குப் போனாரு?”

“தெரியல.”

“பக்கத்துலதான இருந்தீங்க?”

“ஆமா,” என்றாள். “பக்கத்துலதான்.”

அவர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். பிறகு தானாக ஏதோ ஒரு மணியை எழுதி, தொகையின் மேல் இரண்டு கோடு கிழித்து, நகலை நீட்டினார். அவள் கை நீட்டவில்லை. தாளைப் படகின் பலகையில் வைத்துவிட்டுச் சுவரேறினார்.

ஏறியவர் திரும்பிப் பார்த்தார். வளையத்தில் முடிச்சு நெகிழ்ந்திருந்தது. குனிந்து, இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிவிட்டு நடந்தார்.