தற்காலிகம் என்று ஒட்டிய சீட்டு

இயக்குநர் பொத்தானை அழுத்த இன்னும் நாலு நிமிஷம் இருந்தபோதுதான் நெட்வொர்க்காரன் மேடைத் திரையை ஒழுங்காகப் படித்தான்.

மருத்துவமனை முழுக்கப் புதிய இணைய முகவரி முறைக்கு மாறிவிட்டதற்கு விழா. சர்வரில் 'தற்காலிகம்' என்று சீட்டு ஒட்டி ஓடவிட்ட கண்டெய்னர்கள் என்ற குட்டி மென்பொருள்கள் அத்தனையும் ஒரே அழுத்தில் ஒழியப்போகின்றன. திரையில் ஓடிய பட்டியலில் பதினேழாவதாக அவனுடைய ப்ராக்ஸி நின்றது. இதய வார்டின் கட்டிலோரக் கருவிகளுக்குப் பழைய முகவரி மட்டும்தான் தெரியும். செவிலியர் மேசை மானிட்டருக்குப் புதியது மட்டும். இரண்டுக்கும் நடுவில் நின்று சேதி கடத்துவது அது ஒன்றுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால், அடுத்த வாரம் ஒழுங்காகச் செய்துகொள்ளலாம் என்று அந்தச் சீட்டை ஒட்டினான். அவன் தொழிலில் அடுத்த வாரம் என்பது வந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஒன்பதாம் கட்டிலில் அவன் அக்கா. முந்தாநாள்தான் நெஞ்சைத் திறந்து மூடியிருந்தார்கள். நோயாளிகள் தூங்கட்டும் என்று கட்டிலோர ஒலியை அணைத்திருந்தார்கள். ஆபத்தென்றால் மேசையில்தான் மணி அடிக்கும். தொடர்பு அறுந்தால் மணியும் அடிக்காது. மானிட்டர் கடைசியாகப் பார்த்த எண்ணையே காட்டிக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருக்கும்.

நாலில் மூன்று நிமிஷம், எழுந்தால் எல்லாரும் என்ன நினைப்பார்கள் என்பதிலேயே போயிற்று.

"பழசுங்கிற பேச்சே இனிமே இந்தக் கட்டடத்துல கிடையாது!" என்று முழங்கினார் இயக்குநர். சொந்தக் கடவுச்சொல்லை உதவியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற மனிதர்.

அவன் மேடையோரம் ஓடினான். "சார், பதினேழாவதை மட்டும் விட்டுடுங்க. பழைய கருவிங்க இன்னும் அது வழியாத்தான் பேசுது."

அவர் சிரிப்பைக் கேமராவிலிருந்து எடுக்கவில்லை. "பழசே இல்லேன்னு இப்பத்தானேய்யா சொன்னேன்?"

"சொன்னீங்க சார். கருவிங்க காதுல விழல."

"அப்புறம் பாத்துக்கலாம், போ."

அழுத்திவிட்டார். கைதட்டலில் கூரை அதிர்ந்தது.

ப்ராக்ஸியைத் திரும்ப எழுப்பக் கால் மணி நேரமாவது ஆகும். நடைபாதைக்கு ஓடி வார்டுக்குப் போன் அடித்தான். விரல் இரண்டு தரம் தப்பான எண்ணில் விழுந்தது.

"சிஸ்டர், மானிட்டரை நம்பாதீங்க. கட்டில் கட்டிலாப் போய்ப் பாருங்க."

"எதுக்கு தம்பி பதறுறீங்க? எல்லாம் நல்லாத்தானே காட்டுது. உங்கக்காவுக்குத் துடிப்பு எழுபத்திரண்டு."

"அது செத்த எண், சிஸ்டர். இப்ப எவ்வளவுன்னு அதுக்குத் தெரியாது. தப்பு என்னோடது. ஓடுங்க!"

ரிசீவர் மேசைமேல் விழுந்த சத்தம். நாற்காலி உருண்டது. பிறகு திரைச்சீலையின் வளையங்கள் கம்பியில் சரசரவென இழுபட்டன. ஒன்று. காலடி. இரண்டு. சுவரோடு ஒட்டி நின்று எண்ணினான். அரங்கத்திலிருந்து யாரோ அவனைப் புகைப்படத்துக்குக் கூப்பிட்டார்கள். ஏழு. எட்டு.

ஒன்பதாவது சீலை இழுபட்டது. அதற்கப்புறம் காலடி நகரவில்லை.