பூனைக்குப் பிடித்த மீன்

சுனாமிக்குப் பின், வெளிநாட்டு இராணுவ விமானம் எங்கள் பயணிகள் விமான நிலையத்தில் மருந்து மட்டுமே இறக்குகிறது என்றார்கள். ஆயுதமும் வந்தால் சண்டை திரும்பும் என்று முகாம்களில் பயம். பிரஜைகள் குழுவிலிருந்து ஷிஹானும் நானும் பார்க்கப் போனோம். விமான நிலையத்தை ஒட்டிய வாவியில் தோணியை நிறுத்தி, மீனவர்போல வலை வீசினோம். மடியில் கமரா.

விமானத்தின் பின்கதவு திறந்தது.

"டேய்!" கரையிலிருந்து காவல் சிப்பாய் கத்தினான். "பிணம் மிதந்த தண்ணி. இந்த மீனை யார் தின்னுற?"

ஊரே மீனைத் தொடாத நாட்கள். எங்களுக்கு அது தோன்றவேயில்லை.

"பூனைக்கு, சேர்!" என்றான் ஷிஹான்.

சிப்பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் சிரித்து முடிப்பதற்குள், மருந்துப் பெட்டிகளுக்குப் பின்னால் கவச வண்டியொன்று இறங்குவதைப் படமெடுத்துவிட்டேன்.

"மச்சான், பட்டுதா?" கேட்டான் ஷிஹான்.

"ஓம், பெரிய மீன். தோணியைத் திருப்புடா!"